பனி இறங்காத ராத்திரியும் கரியமில வாயுக் கணக்கும்

மார்கழி மாசம் காலையில் நம்ம கரிசல் ஊர்களில் யார் வீட்டு வாசலிலும் இதைப் பார்க்கலாம். ராத்திரி வெட்டவெளியில் நிறுத்திய பைக்கின் சீட் தொப்பலாக நனைந்திருக்கும். பத்தடி தள்ளி வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்திய பைக்கின் சீட் காய்ந்து கிடக்கும். அதே ஊர், அதே காற்று, அதே ஈரம். ஒன்று நனைகிறது, ஒன்று நனையவில்லை.

டீக்கடையில் கேட்டேன். "மரம் குடை மாதிரி மறைச்சுக்கிடுதுல்லா, சார்" என்றார் ஒரு தம்பி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பனி மழைபோல மேலே இருந்து விழுவதில்லை. ஐஸ் தண்ணி ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்குமே, அதே கதைதான். சீட் குளிர்ந்துவிட்டது, பக்கத்துக் காற்றில் இருந்த ஈரம் அதன்மேல் படிந்தது. அப்படியானால் கேள்வி வேறு: வெட்டவெளியில் இருந்த சீட் மட்டும் ஏன் அவ்வளவு குளிர்ந்தது?

சூடு இருக்கிற எந்தப் பொருளும் அந்தச் சூட்டைக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லுக்கு நேரே கையை நீட்டினால், தொடாமலே தெரிகிறதே, அந்தக் கதிர். கண்ணுக்குத் தெரியாது. அகச்சிவப்புக் கதிர் என்று பாடப்புத்தகத்தில் பெயர். பைக் சீட்டும், கரிசல் மண்ணும், மல்லிச்செடியும் ராத்திரி முழுக்க அதை வானத்தைப் பார்த்து விட்டுக்கொண்டே இருக்கின்றன. வெட்டவெளியில் போனது போனதுதான். திரும்பி வருவது குறைவு. மரத்தடியில் இருக்கிற சீட்டுக்கு, மேலே இருக்கிற இலையும் கிளையும் தங்கள் பங்குக்குச் சூட்டைக் கீழே விடுகின்றன. போனதில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடுகிறது. சீட் அவ்வளவாகக் குளிர்வதில்லை, அதனால் நனைவதுமில்லை.

இப்போது மேகம் மூடிய ராத்திரியை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு எந்த சீட்டும் நனையாது. "மேகம் மூடுனா பனி இறங்காது, ராத்திரி புழுக்கமா இருக்கும்" என்று நம்ம ஊர்ச் சம்சாரி ஒவ்வொருவருக்கும் தெரியும். கொண்டைக்கடலையும் மல்லியும் போட்டவர்கள் அதைக் கவலையோடு சொல்வார்கள். மேகம் என்ன செய்கிறது? ஊர் முழுக்க ஒரே வேப்பமரமாக நின்று, கீழே இருந்து வரும் சூட்டை வாங்கி, அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கீழே அனுப்புகிறது.

பசுங்குடில் விளைவு என்று பெரிய பெயர் வைத்துச் சொல்கிறார்களே, அதன் அடிப்படை இவ்வளவுதான். மேகம் செய்கிற வேலையைக் கண்ணுக்குத் தெரியாத சில வாயுக்களும் செய்கின்றன. மேகம் காலையில் கலைந்துவிடும். அந்த வாயு கலையாது.

இதை எழுத வேண்டிய அவசியம் வந்ததற்கு ஒரு காகிதம் காரணம். போன ஆவணியில் எங்கள் ஊருக்கு ஒரு கம்பெனிக்காரத் தம்பி வந்தார். "நீங்க இயற்கை விவசாயம் பண்றீங்க, உங்க மண்ணு காத்துல இருக்கற கார்பனைப் பிடிச்சு வைக்குது, அதுக்கு நாங்க காசு தாறோம்" என்றார். பத்துப் பக்கம் காகிதம் கொடுத்தார். எங்கள் குழுவில் ஏழு பேர், எல்லோரும் மானாவாரி. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் காகிதம் என்னிடம் வந்து சேர்ந்தது. குழுவில் மூத்தவரான பக்கத்துப் புஞ்சை அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்று: "எதைப் பிடிச்சு வைக்கிறோம்னே தெரியாம எப்படி அண்ணாச்சி கையெழுத்துப் போடுறது?" (அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் என்னையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.) அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எனக்கு எதையும் வரவு செலவாகப் பார்த்துப் பழக்கம். பூமிக்கு ஒரே வரவு வெயில். ஒரே செலவு, நான் மேலே சொன்ன அந்தச் சூட்டுக் கதிர். வரவும் செலவும் சமமாக இருக்கிறவரை கையிருப்பு, அதாவது வெப்பநிலை, மாறாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், காற்றில் போர்வை வாயுக்களே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்க வேண்டும். நிஜத்தில் 15 டிகிரி. நடுவில் இருக்கிற 33 டிகிரி இந்தப் போர்வையின் கொடை. போர்வை இல்லாவிட்டால் கம்பும் இல்லை, குதிரைவாலியும் இல்லை, நாமும் இல்லை. ஆகவே பசுங்குடில் விளைவே கெட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தொல்லை, போர்வை தடிப்பதில் இருக்கிறது.

போர்வை தடித்தால் என்ன ஆகும்? செலவு குறையும், வரவு அப்படியே இருக்கும். மிச்சம் கையிருப்பில் சேரும், பூமி சூடாகும். சூடாக ஆக அது விடுகிற கதிரும் கூடும். கடைசியில் வரவும் செலவும் மறுபடி சமமாகும், ஆனால் முன்னைவிட அதிகச் சூட்டில். போர்வை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. நம்ம உடம்புச் சூட்டைத்தானே கம்பளி பிடித்து வைக்கிறது.

பசுங்குடில் என்ற பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. பாலிதீன் கூடாரத்துக்குள் சூடாக இருப்பதற்கு முக்கியக் காரணம், உள்ளே சூடான காற்று வெளியே போக முடியாமல் அடைபட்டுக் கிடப்பது. வானத்தில் அப்படி எந்தக் கூரையும் இல்லை. போர்வை என்றே சொல்லலாம். இன்னொரு குழப்பம் ஓசோன் ஓட்டை. "ஓசோன்ல ஓட்டை விழுந்து வெயில் கூடுதலா வருது, அதான் சூடு" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அது வேறு சங்கதி. ஓசோன் சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிரைத் தடுப்பது. நாம் பேசுவது பூமியிலிருந்து போகிற சூட்டை. வெயில் கூடவில்லை என்பதையும் 1970களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் அளந்துகொண்டே வருகின்றன.

சரி, காற்றில் எந்த வாயு போர்வை? காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். இரண்டும் சூட்டுக் கதிரைக் கண்டுகொள்வதே இல்லை, கண்ணாடி வெளிச்சத்தை விடுவதுபோல விட்டுவிடுகின்றன. ஒரே வகை அணு இரண்டு சேர்ந்த மூலக்கூறுகள் அவை. மூன்று அணு, நான்கு அணு என்று சேர்ந்த மூலக்கூறுகள்தான் அந்தக் கதிரின் அதிர்வுக்கு ஈடாக ஆடி, அதை வாங்கிக்கொள்ளும். நீராவி, கரியமில வாயு என்கிற கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகியவை முக்கியமானவை.

இதில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நாலு பங்குதான். "இத்தனூண்டு என்ன செஞ்சிரும்?" என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் காட்டினேன். ஒரு வாளித் தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் வாளி முழுக்க நீலமாகிறது. தண்ணீர் நிறமில்லாதது, எவ்வளவு ஊற்றினாலும் வெளிச்சத்தை விட்டுவிடும். நிறம் முழுக்க அந்த நாலு சொட்டின் வேலை. சூட்டுக் கதிரின் கண்ணுக்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும் தண்ணீர். கரியமில வாயு சொட்டு நீலம்.

இது நேற்று யாரோ கிளப்பிவிட்ட சங்கதியும் இல்லை. காற்று ஒரு போர்வைபோல வேலை செய்யவேண்டும் என்று பிரான்சின் ஃபூரியே 1824லேயே எழுதினார். 1856ல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற அம்மாள், கண்ணாடிக் குழாய்களில் வேறுவேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு அடைத்த குழாய்தான் அதிகம் சூடாகிறது, ஆறவும் ரொம்ப நேரம் எடுக்கிறது என்று பார்த்தார். சில வருஷத்தில் டிண்டால் ஆய்வுக்கூடத்தில் சூட்டுக் கதிரையே விட்டு எந்த வாயு எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்தார். 1896ல் சுவீடனின் அரீனியஸ், கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டுவிட்டார்.

நம்மவர் ஒருவர் கதையும் இதில் உண்டு. மதராசில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். முதல் வேலை செகந்திராபாத்தில் பிரிட்ஜ் செய்கிற ஒரு கம்பெனியில். பிரிட்ஜிலிருந்து குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அப்போது அதில் அவருக்குப் பெரிய ஈடுபாடு ஒன்றுமில்லை. பிறகு அமெரிக்கா போய் ஆராய்ச்சியில் இறங்கியவர், 1975ல் அதே வாயுவை வைத்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். குளோரோஃபுளோரோகார்பன் என்கிற அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறைப்போல 10,000 மடங்குக்கு மேல் சூட்டைப் பிடிக்கும் என்று காட்டினார். அதே வாயுதான் ஓசோனையும் அரித்தது. ஓசோனையும் வெப்பமாதலையும் மக்கள் போட்டுக் குழப்பிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1987ல் மான்ட்ரியல் உடன்பாடு போட்டு உலக நாடுகள் அந்த வாயுவைப் படிப்படியாக நிறுத்தின. நிறுத்த முடிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இப்போது அண்ணாச்சி கேட்ட அடுத்த கேள்வி. "நீராவியும் போர்வைதான்னு சொல்றீங்க. அது கரியமில வாயுவைவிட ஜாஸ்தியா இருக்கே. அப்புறம் ஏன் கரியைப் பிடிச்சுத் தொங்குறாக?"

போர்வையில் பெரும்பங்கு நீராவி என்பது உண்மைதான். ராஜஸ்தான் பாலைவனத்தில் பகலில் கொதிக்கிற மண் ராத்திரியில் நடுக்குவதற்குக் காரணம் அங்கே காற்றில் நீராவி குறைவு, மேகமும் இல்லை. ஆனால் நீராவி நடப்புக் கணக்கு மாதிரி. இன்றைக்குப் போடுவது பத்து நாளில் மழையாக வெளியே வந்துவிடும். காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு நீராவிதான் அதில் நிற்கும். நாமாகக் கூட்ட முடியாது. கரியமில வாயு நெடுங்காலக் கடன். நாம் விடுவதில் ஏறக்குறையப் பாதியைக் கடலும் செடிகொடியும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. மீதி காற்றில் நிற்கிறது, அதில் ஒரு பங்கு ஆயிரம் வருஷத்துக்கும் நிற்கும். பேரன் காலத்தில்கூடத் தீராத கடன். இந்தக் கடனால் காற்று கொஞ்சம் சூடானால், கூடுதல் நீராவி நிற்கும். அந்த நீராவியும் போர்வைதான், இன்னும் சூடாக்கும். வட்டிக்கு வட்டி. ஆகவே முதலைக் கவனித்தால்தான் வட்டி அடங்கும்.

முதல் எவ்வளவு? நிலக்கரி யுகத்துக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு. 1958ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் கீலிங் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதில் மட்டும் உலகம் வருஷத்துக்கு 3,700 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவை விடுகிறது. நம்ம மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் ஐந்து அலகு, ஒவ்வொன்றும் 210 மெகாவாட். நிலக்கரியில் ஒரு யூனிட் கரண்ட் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வரும். ஐந்து அலகும் ஒருநாள் முழு அளவில் ஓடினால் 25,000 டன். இந்த எண்ணை ஞாபகம் வையுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும். கயத்தாறு பக்கம் சுற்றுகிற காற்றாலை எடுக்கிற யூனிட்டுக்கு இந்தப் புகை கிடையாது.

சூரியன்தான் சூடாகிவிட்டது என்று வாதம் பண்ணுகிறவர்களுக்கு இரண்டு சாட்சி போதும். ஒன்று, இந்தச் சூட்டில் ராத்திரிதான் பகலைவிட முந்திக்கொண்டு போயிருக்கிறது. சூரியன் காரணமென்றால் பகல் அல்லவா முந்தவேண்டும்? போர்வை என்றால் ராத்திரியும் தப்பாது. இரண்டு, தரைப்பக்கக் காற்று சூடாகிற அதே காலத்தில் மேலே, ஓசோன் இருக்கிற அடுக்குக்காற்று குளிர்ந்துகொண்டு வருகிறது. போர்வைக்கு வெளியே இருப்பவனுக்குக் குளிரத்தானே செய்யும்.

ராத்திரி சூடாவது நமக்குச் சின்ன சங்கதி இல்லை. பயிர் பகலில் வெயிலை வைத்துச் சம்பாதிக்கிறது, ராத்திரி மூச்சு விட்டுச் செலவழிக்கிறது. ராத்திரி புழுக்கமாக இருந்தால் செலவு கூடும், மணிக்குப் போய்ச் சேர்வது குறையும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2004ல் வெளியிட்ட ஆய்வில், கோடைப்பட்ட நெல்லில் ராத்திரி வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் மகசூல் 10 சதவீதம் குறைவதைப் பார்த்தார்கள். நம்ம உளுந்துக்கும் கம்புக்கும் அதே சதவீதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மூச்சு விடாத பயிர் எதுவும் இல்லை.

மழைக்கு வருவோம். சேர்கிற சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. 1951லிருந்து 2015க்குள் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நமக்கு மழை கொடுப்பது இந்தக் கடல்தான். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். தாங்குகிற காற்று இரண்டு வேலை செய்யும்: மழை இல்லாத நாளில் மண்ணின் ஈரத்தை முன்னைவிட வேகமாக உறிஞ்சும், மழை வந்தால் ஒரேயடியாகக் கொட்டும்.

இரண்டையும் நான் விவசாயத்துக்கு வந்த பிறகு பார்த்துவிட்டேன். 2016ல் தமிழ்நாடு முழுக்க வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 1876க்குப் பிறகு, அதாவது தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, அவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவம் வந்ததில்லை. புரட்டாசியில் போட்ட விதை கரிசல் வெடிப்புக்குள்ளேயே போயிற்று. அப்புறம் 2023, மார்கழி முதல் தேதி. டிசம்பர் 17 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. கோவில்பட்டியிலேயே ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். நமக்கு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமாராக 70 சென்டிமீட்டர்தான். என் மழைமானி நிரம்பி வழிந்துவிட்டது, எத்தனை என்று எழுத முடியவில்லை. காய்ப்பில் இருந்த உளுந்தும் பாசியும் தண்ணிக்குள் நின்று அழுகின. மக்காச்சோளம் படுத்துவிட்டது.

அந்த மழை முழுக்கக் கரியமில வாயுவால் வந்தது என்று நான் எழுதினால் அது பொய். கரிசலில் பஞ்சமும் வெள்ளமும் தாத்தா காலத்திலும் உண்டு. காற்றுச்சுழி எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு மழை. சூடான கடலும் சூடான காற்றும் அந்த மழைக்குக் கையில் கூடுதல் தண்ணியைக் கொடுத்துவிடுகின்றன. ஒவ்வொரு வறட்சிக்கும் ஒவ்வொரு புழுவுக்கும் பருவநிலை மாற்றத்தைக் காரணம் சொல்லிவிட்டு, தூர் வாராத கண்மாயையும் ஆக்கிரமித்த ஓடையையும் மறப்பது சில அதிகாரிகளுக்கு வசதியாகப் போய்விட்டது.

அடுத்து நம்ம வீட்டுக் கணக்கு. இதில் ரசாயனக்காரர்களைத் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

நைட்ரஸ் ஆக்சைடில் தொடங்குகிறேன். ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, நூறு வருஷக் கணக்கில் சுமார் 270 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நூறு வருஷத்துக்கு மேல் காற்றில் நிற்கும். நிலத்தில் போடுகிற தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு இப்படிப் போகிறது என்பது உலக அளவில் வைத்துக்கொள்கிற தோராயக் கணக்கு. காய்ந்த பூமியில் அதைவிடக் குறையும். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து சுமார் 20 கிலோ. நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால், ஒரு மூட்டைக்கு 90 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான போர்வை. யூரியா செய்கிற ஆலையில் எரிகிற எரிவாயு இதில் சேரவில்லை. வங்கியில் இருந்த காலத்தில் பயிர்க்கடனில் பணமாக இவ்வளவு, உரமாக இவ்வளவு என்று பிரித்து நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உரப்பங்கை வாங்காமல் பணத்தை மட்டும் கேட்டவர்களிடம் விதியைக் காட்டிக் கடுமையாகப் பேசியதும் உண்டு.

ஆனால் மண்ணில் இருக்கிற நுண்ணுயிருக்கு யூரியாத் தழைச்சத்து, ஆட்டுக்கிடைத் தழைச்சத்து என்று பேதம் தெரியாது. கரிசல் நனைந்து உப்பி, வெடிப்பெல்லாம் மூடி, உள்ளே காற்றில்லாமல் போகும்போதுதான் அது நைட்ரேட்டில் இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஸ் ஆக்சைடை விடும். பெருமழைக்கு முந்தின நாள் குப்பையை அள்ளி அடித்தாலும் இதே நஷ்டம்தான். உளுந்து, பாசி, துவரை போட்டுச் செடியே பிடித்த தழைச்சத்தில் அடுத்த பயிரை எடுப்பவருக்கு இந்தக் கணக்கு ரொம்பக் குறையும்.

மீத்தேன் குறுகியகாலக் கடன். சுமார் 12 வருஷம்தான் நிற்கும், ஆனால் நிற்கிற காலத்தில் வட்டி கடுமை. நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 28 மடங்கு. நம்ம நாட்டு மாடு ஒன்று வருஷத்துக்கு நாற்பது ஐம்பது கிலோ விடும், பெரும்பாலும் ஏப்பமாக. அதற்காக மாட்டை விற்கச் சொல்லவில்லை. மாடு தின்கிற தட்டையில் இருக்கிற கரி, காற்றிலிருந்து போன வருஷம் வந்ததுதான், நிலக்கரிபோல பூமிக்கடியிலிருந்து தோண்டியது இல்லை. எனக்கு உறுத்துவது எருக்குழி. ஐப்பசி மழையில் தண்ணி தேங்கி, மேலே குமிழி விட்டுக்கொண்டிருக்கும் குழியை நம்ம இயற்கை விவசாயிகள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் வீட்டிலும் மூன்று வருஷம் அப்படித்தான் கிடந்தது. அந்தக் குமிழியில் பெரும்பகுதி மீத்தேன். மேட்டில் குவித்து, மேலே கீற்றோ தட்டையோ போட்டு மூடி, மாசம் ஒருமுறை புரட்டிவிட்டால் காற்று உள்ளே போகும். மீத்தேன் குறையும், எருவும் சீக்கிரம் மக்கும். மானாவாரிக் கரிசல் நிலம் நெல்வயல்போல மீத்தேன் விடுவதில்லை. காய்ந்த மண் காற்றிலிருந்து கொஞ்சம் மீத்தேனைத் தின்னவும் செய்யும்.

இனிக் காகிதத்துக்கு வருகிறேன்.

ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. "ஏக்கருக்கு வருஷம் ரெண்டு கிரெடிட் வரும் சார்" என்றார் அந்தத் தம்பி. நான் கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கரில் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 800 டன் இருக்கும். நம்ம கரிசலில் அங்கக கரிமம் பெரும்பாலும் 0.3லிருந்து 0.5 சதவீதம், மண் பரிசோதனை அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். இதை 0.1 சதவீதம் கூட்டினால் 0.8 டன் கரி. கரி கரியமில வாயுவாக மாறும்போது ஆக்சிஜனும் சேர்வதால் எடை 3.67 மடங்காகும். ஆக, 0.1 சதவீதத்துக்கு ஏறக்குறைய 3 கிரெடிட். வருஷத்துக்கு இரண்டு கிரெடிட் வேண்டுமென்றால் வருஷா வருஷம் 0.07 சதவீதம் கூடவேண்டும். பத்து வருஷத்தில் 0.4 இருந்த மண் 1.1 ஆகவேண்டும். நம்ம வெயிலில், 70 சென்டிமீட்டர் மழையில், போடுகிற குப்பையில் பெரும்பகுதி ஒன்றிரண்டு வருஷத்தில் நுண்ணுயிரின் மூச்சாகக் காற்றுக்கே திரும்பிவிடும். பத்து வருஷத்தில் 0.1 கூட்டினாலே அந்தச் சம்சாரிக்குச் சால்வை போடலாம். கிரெடிட்டுக்கு ஐந்நூறு ரூபாய் என்று வைத்தாலும் பத்து வருஷத்துக்கு ஏக்கருக்கு ஆயிரத்து ஐந்நூறு. பக்கத்து ஊரிலிருந்து குப்பை வாங்கிப் போட்டுக் கூட்டினால், அந்த ஊர் மண்ணுக்குப் போகவேண்டிய கரி இங்கே வந்தது, அவ்வளவுதான். காற்றுக்கு ஒன்றும் குறையவில்லை.

ஞாபகம் வைக்கச் சொன்ன எண்ணை இங்கே எடுங்கள். அனல்மின் நிலையம் ஒருநாள் முழுதாக ஓடினால் 25,000 டன். அதை ஈடுகட்ட, எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் கரிசலில் பத்து வருஷம் பாடுபட்டு 0.1 சதவீதம் கூட்டவேண்டும். அந்தக் கிரெடிட்டை வாங்குகிற ஆலை, "நாங்க ஈடுகட்டிட்டோம்" என்று எழுதிக்கொண்டு நிலக்கரியை எரிக்கும். அதன் கடன் ஆயிரம் வருஷத்துக்கு. நம்ம மண்ணில் சேர்த்ததோ, பேரன் நாலு தடவை ஆழ உழவு போட்டால் போய்விடும்.

அதற்காக மண்ணில் கரி சேர்ப்பது வீண் என்று சொல்லவில்லை. ஈரம் நிற்க, வெடிப்பு குறைய, 2016 மாதிரி வருஷத்தில் நாலு நாள் கூடத் தாக்குப்பிடிக்க அது வேண்டும். அந்த லாபம் நம்ம புஞ்சையிலேயே நிற்கும், யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. பருத்திமாரையும் மக்காச்சோளத் தட்டையையும் கொளுத்தாமல் மூடாக்குப் போடுவதும், வரப்பில் வேம்பும் வாகையும் விடுவதும் நான் செய்துவருவதுதான்.

காகிதத்தில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம்தான் சங்கதி. ஒப்பந்தம் இருபது வருஷம். அந்த இருபது வருஷமும் மண்ணின் கார்பன் உரிமை கம்பெனிக்கு. நடுவில் நிலத்தை விற்றால் வாங்குகிறவரும் கட்டுப்படவேண்டும். அளவு குறைந்தால் கொடுத்த காசைத் திருப்பித் தரவேண்டும். ஏன் குறைந்தது, வறட்சியாலா வெள்ளத்தாலா என்று பேச்சே இல்லை. எந்தச் சோதனை முறையில் அளப்பார்கள் என்றும் இல்லை. நம்ம கரிசலில் சுண்ணாம்புக் கல் கலந்திருக்கிறது. மண்ணை எரித்து மொத்தக் கரியையும் அளக்கிற முறையில் சுண்ணாம்பிலுள்ள கரியும் சேர்ந்து வரும். முதல் வருஷம் ஒரு முறை, பத்தாவது வருஷம் வேறு முறை என்றால், இல்லாத நஷ்டத்துக்கு நாம் காசு கட்டவேண்டி வரும். முப்பத்துநாலு வருஷம் அடுத்தவர் கையெழுத்தை வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன், இது கடன் பத்திரம் மாதிரியான காகிதம்.

ஏழு பேரும் கூடிப் பேசி, மூன்று கேட்டு எழுதிக் கொடுத்தோம். வறட்சி, வெள்ள வருஷத்தில் திருப்பிக் கட்டும் பொறுப்பு கூடாது. அங்கக கரிமம் மட்டும் அளக்கும் முறையின் பெயரைக் காகிதத்தில் எழுதவேண்டும், மாதிரி எடுக்கும்போது பாதியை எங்களிடம் தரவேண்டும். ஐந்து வருஷத்தில் விலகிக்கொள்ள வழி வேண்டும். தம்பி, "ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்று போனார். தைப்பொங்கல் தாண்டியும் பதில் இல்லை. இதற்கிடையில் எங்கள் காசிலேயே ஏழு புஞ்சையிலும் 15 சென்டிமீட்டர் வரைக்கும் ஒன்று, 30 வரைக்கும் ஒன்று என்று மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். எந்தக் கம்பெனி வந்தாலும் தொடக்க எண் நம் கையில் இருக்கவேண்டும்.

இதே மாதிரிக் காகிதம் விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர்ப் பக்கம் யாருக்காவது வந்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து இதழுக்கு அனுப்புங்கள். எங்களுடையதோடு வைத்து வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.